அடிபட்டவருக்குச் சேரவேண்டிய பணம்

(இடப்பள்ளியில் ஞாயிறு மாலை நடந்த நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குப் பேச வந்தது கூலி உயர்வைப் பற்றி அல்ல; ரேஷன் கார்டைப் பற்றியும் அல்ல. ரோட்டைக் கடப்பதைப் பற்றி. இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் வாசலிலேயே கேட்டார்கள். விடியற்காலை ஆறு மணிக்குத் தூக்குவாளியும் கையுமாக இந்த இடப்பள்ளி சந்தியில் நிற்பவர்கள் நாம். மேலே மெட்ரோ ஓடுகிறது, பக்கத்தில் மேம்பாலம், எதிரே பெரிய மால். நடுவில், இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சேருகிற இடத்தில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குறுக்கே ஓடுகிறோம். நம்மில் கார் வைத்திருப்பவர் யாரும் இல்லை. ஆகவே மோட்டார் வாகனச் சட்டம் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைத்துவிட்டோம். அந்த நினைப்பு நமக்கு எவ்வளவு நஷ்டத்தைக் கொடுத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அதில் எங்கள் தப்பும் இருக்கிறது.

2024 ஜூன் மாதம், நல்ல மழை. சித்தாள் வேலை செய்யும் நம் சகோதரி ஒருவர், தென்காசிப் பக்கத்துக்காரர், வேலைக்கு வந்து நின்ற இடத்தில் ஒரு கார் இடித்தது. வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. நம்மாட்கள் இரண்டு பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். கார்க்காரர் ஓடிப்போகவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே வந்தார். "போலீசுக்குப் போனா அண்ணாச்சி, நீங்களும் அலையணும், நானும் அலையணும். ஆஸ்பத்திரி பில்லை நான் கட்டறேன், கையில இருபதாயிரம் தர்றேன்" என்றார். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டபோது, "மழையில வழுக்கி விழுந்துட்டா சார்" என்று வீட்டுக்காரர் சொன்னார். அப்படிச் சொல்லச் சொன்னது கார்க்காரர். சரி, சொல்லுங்கள் என்று தலையாட்டியது யார் தெரியுமா? பக்கத்தில் நின்ற நாங்கள்தான். ஊர் விட்டு ஊர் வந்து போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டாமே என்று நினைத்தோம். கையில் வந்த காசு போதும் என்று நினைத்தோம்.

அந்த இருபதாயிரம் இரண்டாவது மாதம் தீர்ந்தது. உள்ளே வைத்த பிளேட் சரியாகச் சேரவில்லை. இரண்டாவது ஆபரேஷனுக்குக் கார்க்காரர் போனை எடுக்கவில்லை. இன்று அந்தச் சகோதரியால் சாரத்தில் ஏற முடியாது, செங்கல் சட்டி தலையில் வைக்க முடியாது. பாலருவி எக்ஸ்பிரஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பி வைத்தோம். பிறகு ஒரு வக்கீலிடம் போனோம். அவர் முதலில் கேட்டது எஃப்.ஐ.ஆர். அது இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்தார். "வழுக்கி விழுந்தார்" என்று எழுதியிருக்கிறது. அவர் எங்களை ஏறிட்டுப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

எங்கே தவறினோம்? இடித்த ஆளின் பாக்கெட்டிலிருந்துதான் பணம் வர வேண்டும் என்று நினைத்தோம் பாருங்கள், அங்கேதான். ரோட்டில் ஓடும் எந்த மோட்டார் வாகனமும் மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓடக்கூடாது. 1939-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இது உண்டு. 1946 முதல் நடைமுறையில் இருக்கிறது. வண்டிச் சொந்தக்காரர் ஒருவர், இன்ஷூரன்ஸ் கம்பெனி மற்றவர். இந்த இரண்டு பேரும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் மூன்றாம் நபர் யார்? ரோட்டில் நடக்கிற நீங்களும் நாமும். சொந்தக்காரர் வருஷா வருஷம் கட்டும் பிரீமியத்தில் ஒரு பங்கு நம் காலுக்கும் கைக்கும் கட்டப்பட்ட பணம். அது தர்மம் அல்ல, பிச்சையும் அல்ல. "பாவம், அவரும் குடும்பஸ்தர்" என்று நாம் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தால், லாபம் அந்தக் குடும்பஸ்தருக்கு அல்ல, கம்பெனிக்கு.

வண்டிக்காரர்கள் இன்ஷூரன்ஸை மறப்பதில்லை. வடகரைக்குப் பக்கத்தில் சோறோட்டில் 2024 பிப்ரவரி 17 அன்று நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ரோட்டைக் கடந்த ஒரு பாட்டியையும் ஒன்பது வயதுப் பேத்தியையும் ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போனது. பாட்டி இறந்தார். குழந்தை நினைவில்லாமல் மாதக்கணக்கில் கிடந்தாள். கேரள ஹைகோர்ட் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. போலீஸ் ஆயிரக்கணக்கான வண்டிகளைச் சோதித்தது. காரைக் கண்டுபிடிக்கப் பத்து மாதம் ஆயிற்று. எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சுவரில் மோதியதாகச் சொல்லி அந்தக் காரைப் பழுது பார்க்க இன்ஷூரன்ஸ் பணம் வாங்கியிருந்தார்கள். அந்தக் காகிதம்தான் காட்டிக்கொடுத்தது. காரின் முன்பக்கம் நசுங்கியதற்குப் பணம் கேட்கத் தெரிந்தவர்கள் இருக்கிற ஊரில், நம் கால் நசுங்கியதற்குக் கேட்க நமக்குத் தெரியவில்லை.

"டிரைவர் குடித்திருந்தான், லைசென்ஸ் இல்லை, ஆகவே இன்ஷூரன்ஸ் கிடைக்காது" என்று சிலர் பயமுறுத்துவார்கள். இங்கே நாட்டிகையை நினைத்துப் பார்க்க வேண்டும். இடப்பள்ளியிலிருந்து வடக்கே போகிற இதே 66-ஆம் எண் நெடுஞ்சாலையில், திருச்சூர் ஜில்லாவில் இருக்கிறது அந்த ஊர். 2024 நவம்பர் 26, விடியற்காலை நான்கு மணி. சாலை வேலைக்காகத் தடுப்பு வைத்து அடைத்திருந்த இடத்தில் நாடோடிக் குடும்பங்கள் படுத்திருந்தன. தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டுக் கோவிந்தாபுரத்துக்காரர்கள். மரம் ஏற்றி வந்த லாரி தடுப்பைத் தாண்டி ஏறிவிட்டது. ஐந்து பேர் இறந்தார்கள். அதில் இரண்டு பேர் பச்சைக் குழந்தைகள். ஓட்டியது டிரைவர் அல்ல, கிளீனர். லைசென்ஸ் இல்லை, இருவரும் குடித்திருந்தார்கள் என்று போலீஸ் சொன்னது.

இப்படிப்பட்ட வழக்கில் கம்பெனி கைவிரிக்க முடியுமா? லைசென்ஸ் விஷயத்தில் சுப்ரீம் கோர்ட் 2004-லேயே வழி சொல்லிவிட்டது: அடிபட்டவருக்கு முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூல் செய்துகொள்ளட்டும். குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு ஒன்றில் நம் எறணாகுளத்து ஹைகோர்ட்டும் 2023-ல் இதையே சொன்னது. டிரைவர் குடித்ததற்கு நடந்துபோனவர் என்ன செய்வார்? ஆகவே, வண்டி ஓட்டியவன் யோக்கியதையைச் சொல்லி யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள்.

அடுத்த கேள்வி, தப்பு யார் மேல் என்பது. நாம் கவனிக்காமல் கடந்துவிட்டோம் என்றால்? ஒரு காலத்தில் இது பெரிய தடையாக இருந்தது. டிரைவரின் அஜாக்கிரதையை நிரூபிக்காவிட்டால் நஷ்ட ஈடு இல்லை என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. செத்தவர் வந்து சாட்சி சொல்ல முடியுமா? 1982-ல்தான் சட்டத்தைத் திருத்தி, யார் தப்பு என்று பார்க்காமல் உயிருக்குப் பதினைந்தாயிரம், நிரந்தர ஊனத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு என்று வைத்தார்கள். 1988-ஆம் வருஷச் சட்டத்தில் 25,000 ஆயிற்று, 1994-ல் 50,000. 2022 ஏப்ரல் முதல், 164-ஆம் பிரிவின்படி, உயிர் போனால் 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். தப்பை நிரூபிக்க வேண்டியதில்லை. நம் சகோதரிக்கு இரண்டு இடத்தில் எலும்பு முறிந்ததே, எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். இரண்டரை லட்சம் வரவேண்டிய இடத்தில் இருபதாயிரம்!

ஆனால் இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்தத் தொகையை வாங்கிக் கையெழுத்துப் போட்டால் பெரிய கேஸ், அதாவது 166-ஆம் பிரிவு கேஸ், முடிந்துபோகும். கம்பெனி அதிகாரி சமாதானத் தொகை சொல்லிக்கொண்டு வீடு தேடி வருவார். ஏற்பதும் மறுப்பதும் நம் இஷ்டம். எந்தக் காயத்துக்கு எது நல்லது என்று பார்க்காமல் அவசரப்படக் கூடாது. பெரிய கேஸில் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம்; குமாஸ்தா வேலையில் எங்களுக்கு உருப்படியாகத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான்.

முப்பத்துநாலு வயதுக் கொத்தனார். மாதம் 15,000 வருமானம் என்று கோர்ட் ஏற்றுக்கொள்கிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாயார். நாற்பது வயதுக்குக் கீழே என்பதால் வருங்கால உயர்வுக்கு நூற்றுக்கு நாற்பது சேர்க்க வேண்டும்: 21,000. நம்பியிருப்பவர்கள் நாலு பேர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழியும்: 15,750. வருஷத்துக்கு 1,89,000. அந்த வயதுக்குரிய பெருக்கல் எண் 16. பெருக்கினால் 30,24,000 ரூபாய். ஈமச்செலவு, மனைவி மக்கள் துணையை இழந்தது என்று தனித் தொகைகள் இதற்கு மேல். இந்தப் பெருக்கல் முறை உறுதியானதே கேரள அரசு போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில்தான், 1994-ல். வயதுக்கு எந்த எண் என்பதை 2009-லும், உயர்வு எவ்வளவு என்பதை 2017-லும் சுப்ரீம் கோர்ட் தீர்மானித்தது. முப்பது லட்சம் பெறுமானமுள்ள உயிருக்கு ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் பிணம் கொண்டுபோன குடும்பங்களை நமக்குத் தெரியும்.

"எங்களுக்குச் சம்பளச் சீட்டு ஏது?" என்கிறீர்கள். நியாயமான கேள்வி. பெங்களூர்ப் பக்கத்துக் கேஸ்களில் இதற்குப் பதில் இருக்கிறது. சம்பள ஆதாரம் எதுவும் இல்லாத ஒரு கூலித் தொழிலாளிக்கு மாதம் 4,500 என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட் ஏற்றது. 2004-ல் நடந்த விபத்து அது. 2008-ல் கால் இழந்த இளவயதுக் காய்கறி வியாபாரி ஒருவருக்கு 6,500 என்று 2014-ல் எடுத்தது. தெருவில் கூடை வைத்து விற்பவனிடம் ரசீது கேட்பது நியாயமில்லை என்பதே அந்தத் தீர்ப்புகளின் சாரம். வீட்டு வேலை மட்டும் பார்க்கும் பெண்ணுக்கு வருமானம் இல்லை என்று கழித்துவிட முடியாது, அந்த உழைப்புக்கும் விலை போட வேண்டும் என்று 2010-லும் 2021-லும் தீர்ப்பு உண்டு. என்றாலும் கையில் ஒரு துண்டுக் காகிதமாவது இருப்பது நல்லது. மேஸ்திரி கூலி எழுதும் நோட்டு, ஊருக்குப் பணம் அனுப்பிய பாங்குச் சீட்டு, ஜி-பேயில் கூலி வந்த கணக்கு, நலநிதி வாரிய அட்டை எல்லாம் உதவும். மேஸ்திரிமாரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். நோட்டைக் கிழித்துப் போடாதீர்கள் ஐயா.

ஊனக் கணக்கும் இப்படித்தான். டாக்டர் "காலில் நாற்பது சதவீதம்" என்று எழுதுவார். அதே நாற்பது சதவீதம் எங்களுக்கு வந்தால் நாங்கள் நொண்டிக்கொண்டே ஆபீசுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து ரிஜிஸ்டர் எழுதுவோம், சம்பளம் குறையாது. சாரத்தில் ஏறுகிறவருக்கு அது நாற்பது அல்ல, அநேகமாக முழுசும். பார்க்கும் தொழிலை வைத்துத்தான் நஷ்டத்தைக் கணக்கிட வேண்டும் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட் விளக்கமாகச் சொல்லியிருக்கிறது. சொன்ன அந்தக் காய்கறி வியாபாரிக்கு 85 சதவீதம் என்று எடுத்தார்கள். ஆகவே கோர்ட்டில் முதலில் சொல்ல வேண்டியது, நாம் என்ன வேலை செய்கிறோம், அதில் எந்த உறுப்பு என்ன செய்கிறது என்பது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறோம், ரயில்வேக்காரர்களிடம் கேட்கிறீர்கள் என்பதால். ரயில் விஷயம் வேறு. வாத்துருத்தியில் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருக்கும் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். செல்லுபடியாகும் டிக்கெட்டோடு பிரயாணம் செய்து வண்டியிலிருந்து தவறி விழுந்து இறந்தால், 2017 முதல் 8 லட்சம். அதற்கென்று எறணாகுளத்தில் தனி டிரிப்யூனல் இருக்கிறது. தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து அடிபட்டால் இந்தத் தொகை கிடையாது. ரோட்டில் போல இங்கே மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இல்லை. பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

இடித்துவிட்டு ஓடிய வண்டி, நம்பர் தெரியவில்லை என்றால்? அதற்கும் வழி இருக்கிறது, யாரும் போவதில்லை. உயிர் போனால் 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. இடம் இடப்பள்ளி என்றால் கணையன்னூர் தாலுகா ஆபீஸ், மட்டாஞ்சேரி என்றால் கொச்சி தாலுகா. அங்கே விசாரணை நடந்து, உத்தரவு போடுவது கலெக்டர். 2022-ல் நாடு முழுவதும் இப்படி இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. 2022-23-ல் வந்த விண்ணப்பம் வெறும் 205! சுப்ரீம் கோர்ட்டே 2024 ஜனவரியில் இந்தக் கணக்கைப் பார்த்து, இப்படி ஒரு திட்டம் இருப்பதை அடிபட்டவருக்கும் குடும்பத்துக்கும் போலீஸ் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டது. தொகையை உயர்த்தவும் யோசிக்கச் சொன்னது. இந்த வழக்கைப் போட்டவர் நம் கோயம்புத்தூர் எலும்பு டாக்டர் எஸ். ராஜசேகரன். ரோட்டில் உடைந்த எலும்புகளை ஒட்டவைத்து அலுத்துப் போனவர், 2012-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கே போனார். நடப்பவருக்கு நடைபாதை கிடைப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் சேர்ந்த உரிமை என்று 2025 மே மாதம் வந்த உத்தரவும் அதே வழக்கில்தான். இடப்பள்ளியிலிருந்து வடக்கே ஆறு வழிச்சாலை போடுகிறார்கள். நடக்க எங்கே வழி என்று நாம்தான் கேட்க வேண்டும்.

சரி, அடிபட்ட அன்று என்ன செய்வது? வண்டி நம்பரை யாராவது போனில் படம் எடுங்கள். ஆஸ்பத்திரியில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். முதல் சீட்டில் எழுதியதை மாற்றுவது மலையைப் புரட்டுவது. 2025 மே மாதம் வந்த திட்டப்படி, இதற்கென்று சேர்த்திருக்கும் ஆஸ்பத்திரிகளில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் வரை காசு கட்டாமல் வைத்தியம் உண்டு, கேட்டுப் பாருங்கள். போலீசில் வாக்குமூலத்தை மலையாளத்தில் எழுதுவார்கள். வாசித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பக்கத்து வீட்டு மலையாளித் தோழரைக் கூட்டிப் போங்கள். நம்மோடு ஸ்டேஷனில் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், அது உரிமை. 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைப் போலீஸ் டிரிப்யூனலுக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 முதல் விதி.

கேஸ் எங்கே போடுவது? இதுதான் நமக்கு முக்கியம். விபத்து நடந்த எறணாகுளத்தில்தான் போட வேண்டும் என்று இல்லை. நாம் குடியிருக்கும் இடத்திலும் போடலாம். தென்காசிக்குத் திரும்பிப்போன குடும்பம் அங்கேயே போடலாம். நம் மொழியிலேயே சாட்சி சொல்லலாம். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு "வர்ற தொகையில முப்பது பர்சன்ட்" என்று பேரம் பேசுகிற ஏஜண்டுகளை அண்ட விடாதீர்கள். கிடைக்கிற பணத்தில் பங்கு பேசுவது வக்கீலுக்கும் விதிப்படி கூடாது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் சட்ட உதவி இலவசம். ஜில்லா கோர்ட்டில் அதற்கென்றே ஆபீஸ் இருக்கிறது.

கெடு ஆறு மாதம். 1994-ல் பார்லிமெண்ட் இந்தக் கெடுவை எடுத்துவிட்டது. இருபத்தேழு வருஷத்துக்கு மேல் கெடு இல்லாமலே கேஸ் நடந்தது. யார் குடி முழுகிப் போயிற்று? 2022-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆறு மாதம் என்பது எலும்பு கூடுவதற்கே ஆகிற காலம். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் இருக்கிறது. காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. இடைக்கால உத்தரவை நம்பித் தூங்கக் கூடாது. புதிதாக அடிபட்டவர்கள் ஆறு மாதத்துக்குள்ளேயே போடுங்கள்.

ஆனால் அந்த உத்தரவைப் படித்த அன்றே நாங்கள் தென்காசிக்குப் போன் போட்டோம். நம் சகோதரியின் கேஸைப் போடப் போகிறோம். எஃப்.ஐ.ஆர். இல்லாததும், "வழுக்கி விழுந்தார்" என்ற சீட்டும் பெரிய குறை என்று வக்கீல் சொன்னார். முடியவே முடியாது என்று சொல்லவில்லை. போலீசில் புகார் கொடுக்கப் போகிறோம், ஏற்காவிட்டால் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில். எக்ஸ்ரே இருக்கிறது. ஆஸ்பத்திரி பில்லைக் கார்க்காரர் போனிலிருந்து கட்டிய கணக்கு இருக்கிறது. வழுக்கி விழுந்தவருக்கு அவர் ஏன் பில் கட்டினார் என்று அவர்தான் சொல்ல வேண்டும். அன்று ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று நாங்களும் கூண்டில் ஏறிச் சொல்லப் போகிறோம், எங்களுக்கு வெட்கமாக இருந்தாலும்.

ஆனால் கார் இடித்ததை நாங்கள் பார்க்கவில்லை. தூக்கி ஆட்டோவில் ஏற்றிய இரண்டு பேர் பார்த்தார்கள். ஒருவர் திண்டுக்கல் பக்கம் என்றும், பெயிண்டிங் வேலை என்றும் சொல்கிறார்கள். மற்றவர் யாரென்றே தெரியவில்லை. அடிபட்டவருக்கு உதவி செய்தவர் மேல் கேஸ் வராது, விருப்பமில்லாமல் பெயரைக் கூடச் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டத்தில் 134-ஏ என்று ஒரு பிரிவே இருக்கிறது. 2024 ஜூன், மழை, காலை ஆறரை மணி, இடப்பள்ளி டோல் பக்கத்து டீக்கடை. அந்த இரண்டு பேரை உங்கள் லைனில், உங்கள் வேலை இடத்தில் யாருக்காவது தெரிந்தால், ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் சங்க ஆபீசில் இருப்போம்.